முதுகில் ஒரு வடு

தமிழில் ‘வடு’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. புண் ஆறியபின் உடலில் எஞ்சி நிற்கும் தழும்பு ஒன்று. ஒருவர் செய்த குற்றத்தால் அவரைப் பற்றி நிற்கும் பழி மற்றொன்று. முன்னது தோலில் உள்ளது. பின்னது பெயரில் உள்ளது. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்துமாறு ஒரு வடுவைத் தன் முதுகில் தாங்கிய வீராங்கனை ஒருத்தியை ஜப்பானியக் கதையொன்று நமக்குக் காட்டுகிறது. அவள் பெயர் ரிசா ஹாக்கை. அவ்வடு பகைவர் தந்ததன்று. அவளே வேண்டிப் பெற்றது. ஏன் அவள் அதனை வேண்டினாள் என்பதை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

ஜப்பானியர் ஓவியத் தொடராக அச்சிட்டு வெளியிடும் கதைகளை மங்கா என்றும், ஓவியங்களை ஓடவிட்டு ஆக்கும் படங்களை அனிமே என்றும் வழங்குகின்றனர். மங்கா ஒன்று மக்களிடையே பெரிதும் பரவுமாயின் அஃது அனிமேயாக உருப்பெறுதல் அங்கு வழக்கம். நடிகர் நடிக்கும் திரைப்படத்தில் நடிப்பவர் முகத்தில் இயல்பாகவே ஒரு தழும்பு இருத்தல் கூடும். ஓவியத்தில் அவ்வாறு தற்செயலாக எதுவும் அமைவதில்லை. திரையில் நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. தொலைக்காட்சித் தொடர்களில் ஓர் ஓவியத்தையே இரண்டு அல்லது மூன்று படங்களுக்குப் பயன்படுத்துவர். அங்ஙனம் சிக்கனமாக வரையினும், உருவங்கள் அசையும் இடங்களில் நொடி ஒன்றுக்கு 8 அல்லது 12 ஓவியங்கள் வேண்டும். அவற்றைப் பலர் கூடி வரைவர். ஒருவர் வரைந்த முகமும் மற்றவர் வரைந்த முகமும் வேறுபடாதிருக்க, ஒவ்வொரு பாத்திரத்தின் உருவையும் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என வரைந்த மாதிரித் தாள்களை எல்லோருக்கும் வழங்குவர். பாத்திரத்துக்குத் தழும்பு உண்டெனின், அது மாதிரித் தாளிலும் இடம்பெறும். வரைபவர் ஒவ்வொருவரும் அதனை மறவாது வரைதல் வேண்டும். ஆகவே அனிமேயில் காணப்படும் தழும்பு, ஆக்கியோர் வேண்டுமென்றே பொறித்துவைத்த எழுத்தை ஒத்தது. அதன் பொருளை உணர்ந்து படிப்பது காண்போர் கடமையாகும்.

போரில் பட்ட புண்ணுக்கு உலகின் பல நாடுகளிலும் மதிப்பு உண்டு. ஆனால் எல்லாப் புண்ணுக்கும் மதிப்பு ஒன்றன்று. ஜப்பானியச் சாமுராய் வீரரிடையே, பகைவனை எதிர்நோக்கி நின்று உடலின் முன்புறத்தே ஏற்ற புண் ‘முக்கோகிசு’ எனப் போற்றப்பட்டது. முதுகில் பட்ட புண் ‘உஷிரோகிசு’ எனப் பழிக்கப்பட்டது. முதுகைப் பகைவனுக்குக் காட்டினவன் ஓடினவன் என்பது அவர்தம் கருத்து. பழந்தமிழரும் இவ்வாறே விழுப்புண்ணைப் போற்றிப் புறப்புண்ணுக்கு நாணினர். வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் தைத்த வேல் முதுகையும் ஊடுருவிப் புண் செய்ததற்கு நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான் என்பது புறநானூறு தரும் செய்தி. கடலால் பிரிந்த இரு நாடுகளில் ஒருவரையொருவர் அறியாத வீரர் ஒரே எண்ணத்தைக் கொண்டிருந்தமை வியத்தற்குரியது.

இவ்வெண்ணம் இன்றைய அனிமேயிலும் வாழ்கிறது. எயிச்சிரோ ஓடா 1997 முதல் எழுதிவரும் ‘ஒன் பீஸ்’ என்னும் கதையில் சோரோ என்னும் வாள்வீரன் தன்னினும் பன்மடங்கு வலியவனான மிஹாக்கோடு பொருது தோற்கிறான். இறுதி வெட்டு விழும் முன் அவன் திரும்பி, மார்பைக் காட்டி நிற்கிறான். முதுகில் வடுவேற்பது வாள்வீரனுக்கு இழுக்கு என்பது அவன் கொள்கை. மார்பில் குறுக்கே விழுந்த அந்நெடிய வடு, தோல்வியின் அடையாளமாயினும் அவனுக்கு அணியாகவே விளங்குகிறது.

ஆடவர் வடு அணியாகக் கருதப்பட்ட அதே சமுதாயத்தில் பெண்ணின் வடு வேறு விதமாகக் கருதப்பட்டது. ‘கிசுமோனோ’ என்பது ஜப்பானிய மொழியில் பழுதுபட்ட பண்டத்தைக் குறிக்கும் சொல். அச்சொல்லைப் பெண்களுக்கும் சார்த்தி வழங்கியதுண்டு. பண்டத்துக்குக் கீறல் விழுந்தால் விலை குறைவது போலப் பெண்ணுக்கும் மதிப்புக் குறையும் என்னும் கொடிய எண்ணம் அதன் அடியில் கிடக்கிறது. ஆதலின், போர்க்களத்தில் நிற்கும் ஒரு பெண்ணின் உடலில் வடுவை வரையும் ஓவியர், இரண்டு பழைய தீர்ப்புகளுக்கு நடுவே நின்று வரைகிறார். வீரருக்கு உரிய பெருமையை அவளுக்கு அளிப்பதா? பெண்ணுக்கு ஏற்றிய இழிவை ஏற்பதா? சிறந்த கதைகள் இரண்டையும் விடுத்து மூன்றாவது வழி ஒன்றைத் தேடுகின்றன.

அவ்வழியில் நடந்தவருள் ஒருத்தி மிகாசா அக்கர்மன். ஹாஜிமே இசாயாமா 2009 முதல் 2021 வரை எழுதிய ‘அட்டாக் ஆன் டைட்டன்’ என்னும் மங்காவில் வருபவள். அக்கதை 2013 முதல் 2023 வரை அனிமேயாக வெளிவந்தது. மிகாசாவின் வலக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் ஒரு சிறு வடு உண்டு. அதனை உண்டாக்கியவன் பகைவன் அல்லன். அவள் தன் உயிரினும் மேலாகக் கருதிய எரென் என்பவனே. அவன் பேருருவம் கொண்டபோது தன்னினைவு இழந்து அவளை நோக்கிக் கைந்நீட்டினான். அந்நிகழ்ச்சி இடம்பெறும் 12ஆம் பகுதிக்குப் ‘புண்’ என்பதே பெயர். பின்னர் எரென் வழக்குமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, அவன் அவளைத் தாக்கியது உண்மையா எனக் கேட்கப்பட்டது. அப்போது அவள் தன் கூந்தலால் அவ்வடுவை மறைக்க முயல்கிறாள். அவள் அதனைத் தன் அழகு கருதி மறைக்கவில்லை. வடு அவனுக்கு எதிராகச் சான்று கூறும் என்று அஞ்சியே மறைக்கிறாள். ஆயினும் பொய் கூறாது, தாக்கியது உண்மை என்று ஒப்புக்கொண்டு, முன்னர் அவன் தன்னைக் காத்ததையும் எடுத்துரைக்கிறாள். வடு ஒரு சான்று என்பதை மிகாசாவின் கதையால் அறிகிறோம். அச்சான்று தனக்கு எதிராகவே நிற்கும்போது ஒருத்தி என்ன செய்வாள் என்பதை ரிசாவின் கதை விளக்குகிறது.

ரிசா ஹாக்கை ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ என்னும் கதையில் வருபவள். இதனை எழுதியும் வரைந்தும் ஆக்கியவர் ஹிரோமு அரகாவா என்னும் பெண்மணி. இது 2001 முதல் 2010 வரை திங்களிதழ் ஒன்றில் தொடராக வந்து 27 தொகுதிகளாக நிறைவுற்றது. மங்கா முடியும் முன்னரே 2003-இல் எடுக்கப்பட்ட அனிமே வேறு வழியில் சென்றது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் 64 பகுதிகளாக வந்த இரண்டாவது அனிமே மங்காவைப் பெரிதும் பின்பற்றியது. ரிசாவின் முதுகைப் பற்றிய வரலாறு இவ்விரண்டாவது அனிமேயில்தான் இடம்பெறுகிறது.

இக்கதையில் இரசவாதம் என்பது பொருள்களின் அமைப்பை மாற்றும் ஒரு கலை. ரிசாவின் தந்தை பெர்த்தோல்ட் ஹாக்கை அக்கலையில் வல்லவர். நெருப்பை விரும்பியவாறு ஏவும் முறையை ஆராய்ந்து கண்டவர். அவ்வாராய்ச்சியை அவர் ஏட்டில் எழுதவில்லை. தம் மகளின் முதுகில் பச்சை குத்தி வைத்தார். தந்தை இறந்தபின், அவரிடம் பயின்ற ராய் மஸ்டாங் என்னும் இளைஞன் கல்லறை அருகே நின்று, நாட்டு மக்களைக் காப்பதே தன் கனவு என்று ரிசாவிடம் கூறினான். அக்கனவை நம்பிய அவள், தன் முதுகில் இருந்த மறைபொருளை அவனுக்குக் கற்க அளித்தாள். தானும் அக்கனவுக்குத் துணைநிற்கக் கருதிப் படைப்பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள்.

அமெஸ்ட்ரிஸ் என்பது அவர்கள் நாடு. இஷ்வால் என்பது அந்நாட்டின் கிழக்கே தனிச் சமயமும் பழக்கங்களும் கொண்ட மக்கள் வாழும் நிலம். படைவீரன் ஒருவனால் இஷ்வால் குழந்தை ஒன்று சுடப்பட்டு இறந்ததால் மூண்ட உள்நாட்டுப் போர், ஏழாண்டுகள் நீடித்தது. பின்னர் அரசு இஷ்வால் மக்களை அடியோடு அழிக்குமாறு ஆணையிட்டு இரசவாதிகளையும் களத்துக்கு அனுப்பியது. மக்களைக் காப்பேன் என்ற மஸ்டாங், தான் கற்ற நெருப்பால் வீதிகளையும் வீடுகளையும் எரித்தான். ரிசா பயிற்சியை முடிக்கும் முன்னரே களத்துக்கு அழைக்கப்பட்டாள். குறி தவறாது சுடும் ஆற்றலால், தொலைவில் மறைந்திருந்து சுடும் பணியை அவளுக்குத் தந்தனர். ‘பருந்தின் கண்’ என்று படையினர் அவளுக்குப் பெயரிட்டனர். மக்களைக் காக்க வேண்டிய வீரர் ஏன் மக்களைக் கொல்கின்றனர் என்று அவள் மஸ்டாங்கைக் கேட்டாள். அவனிடம் விடை இல்லை.

போர் முடிந்தது. படையினர் ஊர் திரும்ப ஆயத்தமாயினர். அந்நேரத்தில் ரிசா தனியே மண்ணில் குழி தோண்டி, கேட்பாரற்றுக் கிடந்த இஷ்வால் குழந்தை ஒன்றின் உடலை அடக்கம் செய்துகொண்டிருந்தாள். அங்கே வந்த மஸ்டாங்கிடம் அவள் ஒன்றை வேண்டினாள். தன் முதுகில் உள்ள எழுத்துகளைத் தீயால் அழித்துவிடுமாறு கேட்டாள். இனி ஒருவனும் அவற்றைக் கற்று இன்னொரு நெருப்பு இரசவாதியாகத் தோன்றலாகாது என்பது ஒரு காரணம். தந்தை சுமத்திய சுமையினின்று விடுபட்டுத் தான் தானாக வாழ வேண்டும் என்பது மற்றொரு காரணம். அவன் தயங்கினான். அவள் விடவில்லை. இறுதியில் அவன் இசைந்தான். எந்த நெருப்பை அவள் முதுகு அவனுக்குக் கற்பித்ததோ அந்நெருப்பாலேயே அவ்வெழுத்துகள் கருகின.

இவ்வாறு உண்டான வடுவைப் பழைய அளவுகோலால் அளக்க முடியுமா? இது முதுகில் உள்ள வடு. சாமுராய் வீரன் கண்டால் புறங்காட்டினாள் என்று இகழ்வான். ஆயின் ரிசா ஓடியவள் அல்லள். களத்தில் ஒரு முறையேனும் பின்வாங்கியவள் அல்லள். அவள் அஞ்சாது முன்னேறியதே அவளுடைய குற்றமாயிற்று. அழிக்க வந்தவர் பக்கம் நின்று அவள் முன்புறத்தில் எத்தனை புண் ஏற்றிருப்பினும் அவை அவளுக்கு அணியாகா. வீரம் என்பது எதன்பொருட்டுக் காட்டப்படுகிறது என்பதைக் கேளாமல் புண் இருக்கும் இடத்தை மட்டும் நோக்கும் பழைய தீர்ப்பு இங்கே தடுமாறுகிறது. மார்பிலா, முதுகிலா என்னும் கேள்வி பின்னிட, யாருக்கு எதிராக, எதற்காக என்னும் கேள்வி முன் நிற்கிறது.

மேலும், அவள் முதுகு மூன்று நிலைகளை அடைந்தது. முதலில் தந்தை அதில் எழுதினார்; அவள் விருப்பத்தை அவர் கேட்டதாகக் கதை கூறவில்லை. அடுத்து, அவ்வெழுத்தால் விளைந்த ஆற்றலை அரசு தன் கொடுமைக்குப் பயன்படுத்தியது. மூன்றாவதாக அவளே அதனை அழித்தாள். பிறர் அவளை ஏடாகக் கருதினர். அவளோ தன் உடலுக்குத் தானே உரியவள் எனக் காட்டினாள். பழுதுபட்ட பண்டம் என்னும் இழிசொல் இவ்விடத்தில் பொருளற்றுப் போகிறது. தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்க வல்லது பண்டமாக இருத்தல் இயலாதன்றோ!

ரிசாவின் வடுவோடு சேர்த்துக் காணவேண்டிய வடு ஒன்று அதே கதையில் உண்டு. இஷ்வால் போரில் உற்றாரை இழந்த ஒருவன், நெற்றியில் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்த பெருவடுவோடு உயிர் பிழைக்கிறான். அவன் தன் இயற்பெயரைத் துறந்தான். கதையில் அவனைத் தழும்பு எனப் பொருள்படும் ‘ஸ்கார்’ என்னும் பெயராலேயே அழைக்கின்றனர். ரிசாவின் வடு ஆடைக்குள் மறைந்தது. அவனுடையதோ முகத்தில் எல்லோரும் காண நிற்பது. அவள் அழித்தவர் பக்கத்தினள். அவன் அழிந்தவர் பக்கத்தினன். துன்பம் அவனைப் பழிவாங்கலில் செலுத்தியது. அவனும் குற்றமற்றவனாக இருக்கவில்லை. இஷ்வால் மக்களுக்கே மருத்துவம் செய்த கணவன் மனைவி இருவரை வெறியால் கொன்றான். வடு தானே ஒருவரை நல்லவராக்கிவிடுவதில்லை என்பதை ஆசிரியர் மறைக்காது காட்டுகிறார்.

அரகாவா இக்கதையை வெறுங்கற்பனையால் மட்டும் படைக்கவில்லை. அவர் 1973-இல் ஜப்பானின் வடகோடித் தீவாகிய ஹொக்கைதோவில் உழவர் குடியில் பிறந்தவர். அத்தீவில் நெடுங்காலம் வாழ்ந்த ஐனு என்னும் பழங்குடி மக்கள், 1869-க்குப் பின் ஜப்பானிய அரசு அங்குக் குடியேற்றத்தைப் பெருக்கியபோது நிலத்தையும் வாழ்முறையையும் இழந்தனர். அத்தீவில் குடியேறியவர் வழியில் வந்த அரகாவா, ஐனு மக்களின் நிலையே இஷ்வால் கதைக்கு ஒரு தூண்டுகோல் எனக் கூறியுள்ளார். எனவேதான் வென்றவர் புகழை அவர் பாடவில்லை. வென்ற பக்கத்தில் நின்றவர் எவ்வாறு வாழ்தல் வேண்டும் என்று வினவினார்.

அவ்வினாவுக்கு விடை கதையின் பிற்பகுதியில் கிடைக்கிறது. போருக்குப் பின் ரிசா மஸ்டாங்கின் துணை அதிகாரியானாள். தன் முதுகைக் காக்கும் பொறுப்பை அவளுக்கு அளித்த அவன், தான் நெறி தவறினால் பின்னிருந்து சுட்டுவிடும் உரிமையையும் அவளுக்கே அளித்தான். அந்நாளும் வந்தது. தன் ஆருயிர் நண்பனைக் கொன்றவனை நிலத்தடி வழியொன்றில் எதிர்ப்பட்ட மஸ்டாங், வெறி தலைக்கேறி அவனை மீண்டும் மீண்டும் எரித்தான். ரிசா அவன் பின்னே நின்று துப்பாக்கியை நீட்டினாள். தன்னைச் சுட்டபின் நீ என் செய்வாய் என்று அவன் கேட்டான். தான் மட்டும் இனிது வாழ எண்ணவில்லை எனவும், நெருப்பின் மறைபொருளோடு தானும் இவ்வுலகை விட்டு நீங்குவதாகவும் அவள் விடையிறுத்தாள். அங்கிருந்த ஸ்காரும் சினத்தால் விலங்கானவன் எத்தகைய நாட்டை ஆக்குவான் எனக் கேட்டான். மஸ்டாங் கையைத் தாழ்த்தினான். முதுகில் வடுவுடையாள் ஒருத்தியும் முகத்தில் வடுவுடையான் ஒருவனும் சேர்ந்து நெருப்பை நிறுத்திய காட்சி அது.

எனினும் ஒன்றை மறத்தலாகாது. ஒன்றைப் பெற வேண்டுமாயின் அதற்கு ஈடான ஒன்றைக் கொடுத்தல் வேண்டும் என்பது அக்கதையில் இரசவாதத்தின் அடிப்படை விதி. கருகிய முதுகு, மண்ணில் புதைந்த குழந்தைக்கு ஈடாகுமா? ஆகாது. அதனை ரிசாவே நன்கு அறிவாள். தன் வடுவைக் காட்டி அவள் மன்னிப்பை வேண்டவில்லை. அதனைப் பெருமையாகவும் பேசவில்லை. நாடு மக்களாட்சிக்குத் திரும்பும் நாளில், போர்வீரர் எனப் போற்றப்பட்ட தங்களையே நீதிமன்றம் விசாரிக்கக் கூடும் என்பதையும், அதற்குத் தாங்கள் ஆயத்தமாக இருப்பதையும் எட்வர்ட் என்னும் சிறுவனிடம் அமைதியாகக் கூறுகிறாள். கதையின் இறுதியில் மஸ்டாங் இஷ்வாலை மீண்டும் எழுப்பும் பணியை மேற்கொள்கிறான்; ஸ்காரும் தன் மண்ணுக்குத் திரும்பி அப்பணியில் ஈடுபடுகிறான். ஈடு செய்ய முடியாததை ஈடு செய்ததாக எண்ணாமல், செய்யக்கூடியதை நாள்தோறும் செய்வதே எஞ்சிய வழி என்பது இதனால் விளங்கும்.

வீரம் பல வகை. பகைவன் வாளை மார்பில் ஏற்பது ஒரு வீரம். தன் பக்கம் செய்த கொடுமையைத் தன் கொடுமை என ஒப்புக்கொள்வது அதனினும் அரிய வீரம். முன்னதற்கு ஒரு கணத் துணிவு போதும். பின்னதற்கு வாழ்நாள் முழுவதும் துணிவு வேண்டும். திரையில் வடுவுடைய வீராங்கனை ஒருத்தியைக் காணும் மாணவர், அவள் எத்தனை பேரை வென்றாள் என்று எண்ணுவதோடு அமைதல் கூடாது. அவ்வடு எதற்குச் சான்று, அவள் அச்சான்றை மறைக்கிறாளா, ஏற்கிறாளா என்றும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அங்ஙனம் எண்ணிப் பார்ப்பார்க்கு, முதுகில் இருந்தும் நாணுதற்கு உரியதாகாத வடு ஒன்று உண்டு என்பது தெளிவாகும்.

பயிற்சி

1. ‘வடு’ என்னும் சொல்லின் இரு பொருள்களும் ரிசாவுக்கு எவ்வாறு பொருந்துகின்றன?
2. அனிமேயில் காணும் தழும்பு தற்செயலானதன்று, ஏன்?
3. மிகாசா தன் வடுவை மறைக்க முயன்றதன் காரணம் யாது?
4. ரிசாவின் வடுவையும் ஸ்காரின் வடுவையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதுக.
5. “கருகிய முதுகு, மண்ணில் புதைந்த குழந்தைக்கு ஈடாகுமா?” இவ்வினாவுக்குக் கதை தரும் விடையை விளக்குக, உம் கருத்தையும் எழுதுக.